டிரெய்லரை உயர்த்தினால் எவையெல்லாம் உயர்கின்றன?

கோவையிலிருந்து வடக்கே கிளம்பும் சத்தி சாலை கணபதியைக் கடந்து சரவணம்பட்டி, கோவில்பாளையம், அன்னூர், புளியம்பட்டி வழியாகச் சத்தியமங்கலம் போய்ச் சேர்கிறது. இந்தச் சாலையின் தென்முனையில் இரும்பு வேலை. வடக்கே போகப்போக வயல் வேலை. கணபதியிலும் அதை ஒட்டிய ஆவாரம்பாளையத்திலும் வார்ப்பாலைகள், லேத் பட்டறைகள், மோட்டார் பம்பு உதிரிபாகம் செய்யும் சிறு கூடங்கள் தெருத்தெருவாக இருக்கின்றன. 1937-இல் ஜி. டி. நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே மின் மோட்டார் செய்து காட்டிய டி. பாலசுந்தரம் நாயுடு பிற்காலத்தில் நடத்திய டெக்ஸ்டூல் நிறுவனமும் கணபதியில்தான். சத்தியமங்கலம் பக்கம் கரும்பும் வாழையும் மஞ்சளும் விளைகின்றன. பண்ணாரி அம்மன் சர்க்கரை ஆலை இருக்கிறது. வயலையும் பட்டறையையும் இணைக்கும் பண்டம் ஒன்று உண்டென்றால், அது டிராக்டருக்குப் பின்னால் ஓடும் இரண்டு சக்கர டிரெய்லர்தான். லோடு வயலில் ஏறுகிறது. வண்டியில் ஏதாவது கோளாறு என்றால் பட்டறைக்கு வருகிறது.

அப்படி வரும் கோளாறுகளில் மிகச் சாதாரணமானது டயர் உரசல். "லோடு ஏத்துனா டயர் ஒரசுதுங்ணா, ரெண்டு இஞ்சு தூக்கிக் குடுங்க" என்பார் வண்டிக்காரர். தொட்டியின் அடித்தகட்டில் கறுப்பாகத் தேய்ந்த தடம் இருக்கும். டயரின் தோளில் ரப்பர் வழுவழுப்பாக வெந்திருக்கும். சின்ன வேலைதான், அரை நாளில் முடிந்துவிடும். ஆனால் அந்த இரண்டு இஞ்சுக்குள் நானூறு ஆண்டு இயற்பியல் ஒளிந்திருக்கிறது. தூக்கியது தொட்டியை மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். அதனுடன் சேர்ந்து வேறு சிலவும் உயர்கின்றன. அவை எவை என்று தெரிந்துகொண்டு தூக்குவதே இந்த வேலையின் முழு சூட்சுமம்.

இடைவெளி இரண்டு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். டிரெய்லரில் கவனிக்க வேண்டிய இடைவெளிகள் இரண்டு. ஒன்று, ஆக்சிலின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே இருப்பது. வரப்பு, கல், சேற்றுத் தடத்தின் நடுமேடு இவற்றில் ஆக்சில் இடிக்காமல் போக இது வேண்டும். மற்றொன்று, டயரின் உச்சிக்கும் தொட்டிக்கும் அல்லது மட்கார்டுக்கும் இடையே இருப்பது. லோடு ஏறி ஸ்பிரிங் அமுங்கும்போது டயர் உரசாமல் இருக்க இது வேண்டும்.

இந்த இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இவற்றைத் தீர்மானிப்பவை வேறு வேறு. ஆக்சிலின் உயரத்தை டயர் மட்டுமே தீர்மானிக்கிறது. சக்கரத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதுதான் ஆக்சிலின் உயரம். ஸ்பிரிங்குக்கு மேலே என்ன மாற்றம் செய்தாலும் ஆக்சில் தரையை விட்டு ஒரு நூல்கூட எழும்பாது. மறுபக்கம், டயரைப் பெரிதாக்கினால் ஆக்சில் உயரும், தொட்டியும் உயரும். ஆனால் ஆக்சிலுக்கும் தொட்டிக்கும் இடையே உள்ள தூரம் மாறாது. பெரிய டயர் அந்தத் தூரத்தில் கூடுதலாக இடம் பிடிக்கும். ஆகவே டயரைப் பெரிதாக்குவது கீழ் இடைவெளியைக் கூட்டி மேல் இடைவெளியைக் குறைக்கிறது. ஸ்பிரிங்கை உயர்த்துவது மேல் இடைவெளியை மட்டும் கூட்டுகிறது.

இதனால்தான் இந்த இரண்டு வேலைகளும் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதலில் வயலில் இறங்கப் பெரிய டயர் போடுகிறார்கள். அது உரசத் தொடங்குகிறது. பிறகு ஸ்பிரிங்கைத் தூக்கச் சொல்லிப் பட்டறைக்கு வருகிறார்கள்.

பெரிய சக்கரம் செய்யும் உதவி

பெரிய டயர் மீது வண்டிக்காரருக்கு இருக்கும் ஆசை வீணானதல்ல. அதன் பின்னால் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது.

10 செ.மீ. உயரமுள்ள ஒரு கல் சக்கரத்தின் முன்னால் கிடக்கிறது. அந்தச் சக்கரத்தின் மேல் 1,000 கிலோ எடை இருக்கிறது. நின்ற நிலையிலிருந்து அதை ஏற்ற அச்சில் எவ்வளவு விசையோடு இழுக்க வேண்டும்? வளையாத கட்டைச் சக்கரம் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், 50 செ.மீ. விட்டமுள்ள சிறு சக்கரத்துக்குச் சுமார் 1,330 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு வேண்டும். எடையைவிட இழுப்பே அதிகம்! 31 இஞ்சு விட்டமுள்ள சக்கரத்துக்கு 890 கிலோ. 34 இஞ்சுக்கு 835 கிலோ. ஐந்தடி விட்டமுள்ள சக்கரமோ 570 கிலோ இழுப்பிலேயே ஏறிவிடும். சக்கரம் பெரிதாகும்போது கல்லில் முட்டும் புள்ளி ஒப்பீட்டளவில் தாழ்ந்து போகிறது. சக்கரம் கல்லைச் சுவராகப் பார்க்காமல் சரிவாகப் பார்க்கிறது.

நம் ஊர் கட்டை வண்டிகளின் மரச் சக்கரம் ஆள் மார்பளவு உயரம் இருந்ததற்கு விடை இங்கே இருக்கிறது. அந்த வண்டியில் ஸ்பிரிங் கிடையாது. காற்று டயர் கிடையாது. ஒரு ஜோடி காங்கேயம் காளைகளின் தோள் வலு மட்டுமே உண்டு. அந்த வலுவுக்குள் பள்ளம் மேட்டைத் தாண்ட, தச்சருக்குக் கிடைத்த ஒரே வழி சக்கரத்தைப் பெரிதாக்குவதுதான். இந்தச் சூத்திரத்தை எழுதிப் பார்க்காமலே, தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து அவர்கள் சரியான அளவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

1845-இல் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அது அப்போது பரவவில்லை. 1888-இல் ஜான் பாய்டு டன்லப் அதை மீண்டும் கண்டுபிடித்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். காற்று டயர் கல்லைத் தன்னுள்ளேயே வாங்கிக்கொண்டு அமுங்கும். அதனால் மேலே சொன்ன இழுப்பு இன்னும் குறைகிறது. மாட்டு வண்டிகள் 'டயர் வண்டி' ஆனபோது சக்கரம் சிறுத்ததற்கும், அப்படிச் சிறுத்தும் மாடுகள் இழுக்க முடிந்ததற்கும் இதுவே காரணம்.

டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் கணக்கு

டிராக்டர் டிரெய்லர்களில் பரவலாகக் காணும் டயர் அளவுகளில் இரண்டு: 7.50-16, 9.00-16. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மின் விட்டம்; இரண்டும் இஞ்சில். இந்தப் பழைய வகை டயர்களில் பக்கச்சுவரின் உயரம் ஏறத்தாழ அகலத்துக்குச் சமம். எனவே ரிம்மின் விட்டத்தோடு அகலத்தை இரண்டு முறை கூட்டினால் டயரின் மொத்த விட்டம் கிடைத்துவிடும். 7.50-16 என்றால் சுமார் 31 இஞ்சு. 9.00-16 என்றால் சுமார் 34 இஞ்சு. கம்பெனிக்குக் கம்பெனி சிறு வித்தியாசம் இருக்கலாம். மனக்கணக்குக்கு இது போதும்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் விட்டம் 3 இஞ்சு கூடுகிறது. ஆரம் ஒன்றரை இஞ்சு கூடுகிறது. அதாவது ஆக்சில் ஒன்றரை இஞ்சு உயர்ந்து, டயருக்கு மேலே உள்ள இடைவெளி அதே ஒன்றரை இஞ்சு குறைகிறது. அகலமும் ஒன்றரை இஞ்சு கூடுவதால், உட்பக்கம் ஸ்பிரிங்கை நோக்கி முக்கால் இஞ்சு நெருங்கும். மேலே மட்டும் பார்த்துவிட்டுப் பக்கவாட்டைப் பார்க்க மறந்தவர்களின் டயர் ஸ்பிரிங்கிலேயே உரசும்.

ஒரு டிரெய்லரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். காலியாக நிற்கும்போது டயருக்கு மேலே 6 இஞ்சு இடைவெளி. இரண்டரை டன் ஏற்றினால் ஸ்பிரிங் 3 இஞ்சு இறங்குகிறது. பள்ளத்தில் விழுந்து எழும் கணத்தில் இன்னும் 2 இஞ்சு இறங்குகிறது. மிச்சம் 1 இஞ்சு. உரசாமல் ஓடிக்கொண்டிருந்த வண்டி இது. இப்போது 9.00-16 மாட்டினால் ஒன்றரை இஞ்சு போய்விடுகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் அரை இஞ்சு அளவுக்கு டயர் தொட்டியில் அழுந்தும். வண்டிக்காரர் கேட்ட "ரெண்டு இஞ்சு" இங்கேதான் வருகிறது: பற்றாக்குறை அரை இஞ்சு, பாதுகாப்புக்கு ஒன்றரை இஞ்சு. அனுபவத்தில் சொன்ன எண்ணும் கணக்கில் வந்த எண்ணும் ஒத்துப்போகின்றன.

இந்தக் கணக்கில் காலி வண்டியின் இடைவெளி மட்டும் தெரிந்தால் பயனில்லை. லோடு ஏற்றிய நிலையிலும் அளக்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது ஆக்சில் சாய்ந்து டயரின் ஓரம் உயரும். அதற்கும் இடம் விட வேண்டும்.

பட்டைகள் ஏன் பலவாக இருக்கின்றன?

இனி, உயர்த்தப்படும் அந்த ஸ்பிரிங்கைப் பார்ப்போம். டிரெய்லர்களில் இருப்பது பட்டை ஸ்பிரிங். நீளமான பட்டை ஒன்று மேலே. அதன் கீழ் படிப்படியாக நீளம் குறையும் பட்டைகள். நடுவில் எல்லாவற்றையும் சேர்க்கும் சென்டர் போல்ட். ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ-போல்ட்டுகள். ஒரு முனை சேஸிஸோடு பின்னில் நிற்கும். மறுமுனை ஷேக்கிளில் ஆடும், ஏனென்றால் வளைந்த பட்டை நிமிரும்போது அதன் நீளம் கூடுகிறது.

இவ்வளவு பட்டைகள் எதற்கு? ஒரே தடித்த பட்டையாக வைத்தால் என்ன? ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்கு. எட்டுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் விறைப்பு எட்டு மடங்குதான்; அதே எட்டுப் பட்டையின் தடிமனில் ஒரே கட்டையாக வைத்தால் 512 மடங்கு. ஒரு தடித்த புத்தகத்தைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு எளிதாக வளையும். அதே தாள்களை எல்லாம் பசை போட்டு ஒட்டிவிட்டால் அது பலகை. பட்டை ஸ்பிரிங்கின் உயிர் அந்த வழுக்கலில் இருக்கிறது. வழுக்கும்போது எழும் உராய்வு, குலுக்கலையும் அடக்குகிறது. பெரும்பாலான டிராக்டர் டிரெய்லர்களில் ஷாக் அப்சார்பர் கிடையாது. அதன் வேலையைப் பட்டைகளின் உராய்வே செய்கிறது.

நீளம் படிப்படியாகக் குறைவதற்கும் காரணம் உண்டு. 1638-இல் வெளியான தம் கடைசி நூலில் கலீலியோ ஒரு கேள்வி கேட்டார்: ஒரு முனை சுவரில் பதிந்த உத்தரத்தின் மறுமுனையில் சுமையைத் தொங்கவிட்டால், எந்த இடத்திலும் வலு வீணாகாமல் இருக்க அந்த உத்தரம் எந்த வடிவில் இருக்க வேண்டும்? சுமை தொங்கும் முனையில் மெலிந்தும் சுவரருகே தடித்தும் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டினார். பட்டை ஸ்பிரிங் இதே எண்ணத்தின் வேறு உருவம். நடுவில் அகன்று இரு முனைகளிலும் கூர்மையாகும் வைர வடிவத் தகட்டை நீளவாக்கில் கீற்றுகளாக வெட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் கிடைப்பது இந்தப் படிக்கட்டு வடிவம்தான். சுமை அதிகம் வரும் நடுவில் பட்டைகள் அதிகம். குறைவாக வரும் முனைகளில் குறைவு. இரும்பில் ஒரு கிலோகூட வீணில்லை.

எவ்வளவு சுமையோ அவ்வளவு இறக்கம் என்ற விதியை ராபர்ட் ஹூக் 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக அச்சிட்டு, 1678-இல் விடுவித்தார். 1804-இல் லண்டன் வண்டி கட்டுநர் ஒபதையா எலியட், வண்டியின் உடலை நேரடியாக அச்சின் மேல் பட்டை ஸ்பிரிங்குகளால் தாங்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கணபதிப் பட்டறையில் ஜாக்கி வைத்துத் தூக்கப்படும் டிரெய்லரின் அமைப்பு அடிப்படையில் அதுவேதான்.

பட்டையின் இரும்பும் தனி வகை. பரவலாகப் பயன்படும் ஸ்பிரிங் எஃகில் கார்பன் 0.6 சதவீதத்துக்குச் சற்று மேலும், சிலிக்கன் 1.5 முதல் 2 சதவீதம் வரையும் இருக்கும். அதைச் செக்கச்செவேல் என்று காய்ச்சி எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, பிறகு குறைந்த சூட்டில் பதப்படுத்துகிறார்கள். கடினமும் வேண்டும், உடையாமல் வளையவும் வேண்டும் என்பதால் இந்த இரட்டைச் சூடு. ஆகவே பட்டையில் வெல்டிங் வைப்பதோ, கேஸ் கட்டரால் காய்ச்சி வளைப்பதோ ஆகாது. சூடுபட்ட இடத்தில் பதம் போய்விடும். ஒரு பக்கம் இளகிப்போகும், அல்லது கண்ணாடிபோல் நொறுங்கும். லோடு ஏறிய வண்டி பள்ளத்தில் இறங்கும் நாளில் அந்த இடத்திலேயே முறியும்.

உயர்த்தும் வழிகள்

முதல் வழி, ஆக்சில் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் வண்டிகளில், இரண்டுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைப்பது. 2 இஞ்சுக் கட்டை வைத்தால் நேராக 2 இஞ்சு உயரும். கட்டைக்கு ஏற்ப நீளமான யூ-போல்ட்டுகள் வேண்டும். சென்டர் போல்ட்டின் தலை கட்டையின் குழியில் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் ஆக்சில் மெல்ல நகர்ந்து, டிரெய்லர் சாலையில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும். ஒரு கட்டையின் மேல் இன்னொரு கட்டை அடுக்கக் கூடாது. கட்டை உயர உயர, பள்ளத்தில் இடிபடும் ஆக்சில் ஸ்பிரிங்கை முறுக்கும் நெம்புகோலும் நீளுகிறது.

இரண்டாம் வழி, ஷேக்கிளை நீளமாக்குவது. இதில் ஒரு முனை மட்டும் உயர்வதால், ஆக்சில் இருக்கும் நடுவில் பாதிதான் கிடைக்கும்; 2 இஞ்சு நீட்டினால் 1 இஞ்சு உயரம். ஷேக்கிள் நீளும்போது பக்கவாட்டு ஆட்டமும் கூடும். சிறு திருத்தத்துக்கு மட்டுமே இது ஏற்றது.

மூன்றாம் வழி, பட்டைகளைக் கூட்டுவது. நம் உதாரண வண்டியில் ஏழு பட்டைகள் இருந்து, முழு நீளத்துக்கு இன்னும் இரண்டு சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ 29 சதவீதம் கூடும். லோடுடன் 3 இஞ்சு இறங்கியது 2.3 இஞ்சு இறங்கும். இடைவெளி மிச்சமாகும், உண்மை. ஆனால் காலி வண்டி துள்ளத் தொடங்கும். ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் வண்டி நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது, எடையால் அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. நம் உதாரணத்தில் லோடுடன் நொடிக்கு ஒன்றேமுக்காலுக்கும் குறைவான ஆட்டம்; காலியாக இருந்தால் நான்கு. காலி டிரெய்லர் சாலையில் தடதடவென்று குதித்துக்கொண்டு போவது இதனால்தான். பட்டை கூடினால் அந்தக் குதி இன்னும் வேகமாகும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: பட்டையைக் கூட்டுவதால் ஆக்சிலோ பேரிங்கோ டயரோ கூடுதல் எடை தாங்கும் வலுவைப் பெற்றுவிடுவதில்லை.

நான்காம் வழி, ஸ்பிரிங்குக்கு மேலே ஆக்சில் இருக்கும் அமைப்பை மாற்றி, ஆக்சிலை ஸ்பிரிங்குக்குக் கீழே கொண்டுவருவது. கிடைக்கும் உயரம், ஆக்சிலின் தடிமனும் பட்டைகளின் மொத்தத் தடிமனும் சேர்ந்தது. 75 மி.மீ. ஆக்சிலும் 60 மி.மீ. பட்டைக் கட்டும் என்றால் 135 மி.மீ., ஐந்து இஞ்சுக்கும் மேல். ஸ்பிரிங் அப்படியே இருப்பதால் அதன் மென்மை மாறாது. இதில் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. சில டிரெய்லர் ஆக்சில்களை நடுவில் மிக லேசாக மேல்நோக்கி வளைத்திருப்பார்கள். லோடு ஏறியதும் நேராகி டயர் சமமாகத் தரையில் பதியட்டும் என்பதற்காக. இந்த ஆக்சிலைத் தலைகீழாகத் திருப்பினால் வளைவு கீழ்நோக்கிப் போய், டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும். ஆக்சிலைத் திருப்பாமல், மேற்பக்கத்தில் புதிய ஸ்பிரிங் இருக்கைகளை வெல்டிங் செய்ய வேண்டும். அதையும் நிதானமாக, இடம் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்; ஒரே மூச்சில் வைத்தால் சூட்டில் ஆக்சிலே கோணிவிடும்.

எந்த வழியானாலும், வேலை முடிந்து கொஞ்ச தூரம் லோடுடன் ஓடிய பிறகு யூ-போல்ட்டுகளை மறுபடியும் முறுக்கிப் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பரப்புகள் ஒன்றோடொன்று அமர்ந்ததும் போல்ட் தளரும்.

சாய்வும் வேகமும்

தொட்டி உயரும்போது அதன் மேல் இருக்கும் எடையும் உயர்கிறது. இரு சக்கரங்களுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் தூரம். செங்கல் லோடு, அதன் எடைமையம் தரையிலிருந்து 1 மீட்டர் என்று கொள்வோம். 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில், கணக்குப்படி 53 கி.மீ. வேகத்தைத் தாண்டினால்தான் அது கவிழத் தொடங்கும். 135 மி.மீ. உயர்த்தினால் அந்த எல்லை 50 ஆகிறது. இதே டிரெய்லரில் கரும்பை ஆளுயரத்துக்கு மேல் அடுக்கி எடைமையம் 1.8 மீட்டர் ஆனால், எல்லை 40-க்கு வந்துவிடும். அதை 135 மி.மீ. உயர்த்தினால் 38.

இந்த எண்கள் ஒரு முக்கியமான உண்மையைச் சொல்கின்றன. ஸ்பிரிங்கை உயர்த்துவதால் இழப்பது ஒன்றிரண்டு அல்லது மூன்று கி.மீ.; லோடை உயரமாக அடுக்குவதால் இழப்பது பதின்மூன்று. ஆனால் இந்த இழப்புகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும். கரும்பு லோடுடன் போகையில் வெளிப்பக்கச் சக்கரம் 15 செ.மீ. பள்ளத்தில் இறங்கினால், 40 ஆக இருந்த எல்லை 34 ஆகிறது. உயர்த்திய வண்டியில் 33-க்கும் கீழே. ஸ்பிரிங்கும் டயரும் ஒரு பக்கம் அமுங்குவதையும், வண்டி திடீரென்று பள்ளத்தில் விழும் வேகத்தையும் சேர்த்தால் உண்மையான எல்லை இன்னும் தாழ்வு. கரும்பு டிரெய்லர்கள் ஊர்ந்து போக வேண்டியதற்கான காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

கொக்கியைத் தூக்காதீர்கள்

உயர்த்திய டிரெய்லரை டிராக்டரில் மாட்டும்போது அடுத்த சிக்கல் எழுகிறது. பின்பக்கம் உயர்ந்து, முன்பக்கம் டிராக்டரின் கொக்கி உயரத்திலேயே இருப்பதால் தொட்டி முன்னால் சரிந்து நிற்கும். கொக்கிக்கும் ஆக்சிலுக்கும் 3 மீட்டர், உயர்வு 15 செ.மீ. என்றால் சரிவு நூற்றுக்கு ஐந்து. நான்கு டன் எடையின் மையம் கொக்கி மட்டத்துக்கு மேல் 1.3 மீட்டரில் இருந்தால், அது முன்னோக்கி ஆறரை செ.மீ. நகர்ந்து, கொக்கியில் சுமார் 85 கிலோ கூடுதலாக அழுத்தும். அந்த அழுத்தம் டிராக்டரின் முன்சக்கரங்களைத் தரையிலிருந்து விடுவிக்கப் பார்க்கும், ஸ்டியரிங் லேசாகும்.

இதைச் சரிசெய்யச் சிலர் டிராக்டரில் கொக்கியை உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள். இது உயிரோடு விளையாடுவது. டிராக்டரின் பின்சக்கரம் தரையை உதைத்து இழுக்கிறது. எதிர்ப்பு கொக்கியில் இருக்கிறது. அந்த எதிர்ப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு டிராக்டரைப் பின்னோக்கிப் புரட்டும் திருப்புவிசை பிறக்கும். 1,000 கிலோ இழுப்பு 45 செ.மீ. உயரத்தில் இருந்தால் திருப்புவிசை 450 கிலோ-மீட்டர், 90 செ.மீ. உயரத்தில் 900. முன்சக்கரங்களில் 700 கிலோவும் சக்கரங்களுக்கிடையே 1.9 மீட்டரும் உள்ள டிராக்டரைத் தரையில் பிடித்து வைத்திருப்பது 1,330 மட்டுமே. மேட்டில் ஏறும்போது, சேற்றிலிருந்து வெடுக்கென்று இழுக்கும்போது, அந்த மிச்சமும் கரைந்துவிடும். முன்பக்கம் எழுந்தால் ஓட்டுபவர் கிளட்சை மிதிப்பதற்குள் டிராக்டர் அவர்மேல் கவிழ்ந்துவிடும். சரியான வழி, டிரெய்லரின் டிராபார் முனையைக் கீழே இறக்கிக் கட்டுவது. டிராக்டரின் கொக்கி, தயாரிப்பாளர் வைத்த இடத்திலேயே இருக்கட்டும்.

பின்னால் வருபவருக்கு நாம் கடன்பட்டவர்கள்

தொட்டி உயரும்போது அதன் பின்விளிம்பும் உயர்கிறது. இருட்டில் பின்னால் வரும் பைக்கோ காரோ மோதினால், முன்பு சக்கரத்திலும் சட்டத்திலும் தடைபட்டது, இப்போது அடியில் நுழைந்துவிடும். விளிம்பு தலை உயரத்தில் வந்து நிற்கும். உயர்த்தும் அன்றே பின்பக்கத்தில் தாழ்வான தடுப்புக் கம்பியும், எரியும் பின்விளக்கும், ஒளி பிரதிபலிக்கும் பட்டையும் போட்டால்தான் அந்த வேலை முழுமையாகும்.

சட்டமும் இதில் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே டயர் அளவோ அமைப்போ மாறும் வேலை என்றால், வெல்டிங் தீப்பொறி பறப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. விபத்து நடந்த பிறகு காப்பீடு கேட்கும் முதல் கேள்வியும் அதுவாகவே இருக்கும்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டயர் உரசினால் உடனே தூக்கச் சொல்லாதீர்கள். முதலில் பட்டை உடைந்திருக்கிறதா, நிமிர்ந்து தளர்ந்துவிட்டதா என்று பாருங்கள். அப்படி என்றால் தேவைப்படுவது புதிய பட்டை. அடுத்து, ஏற்றும் எடை அந்த ஆக்சிலுக்கும் டயருக்கும் உரிய அளவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மீறினால் குறைக்க வேண்டியது லோடு. இரண்டும் சரியாக இருந்து, பெரிய டயர் உண்மையாகவே தேவைப்பட்டால், காலியாக ஒரு முறையும் லோடுடன் ஒரு முறையும் நான்கு இடைவெளிகளை அளந்து எழுதிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்: டயருக்கு மேலே, டயருக்கு உள்பக்கம், ஆக்சிலுக்குக் கீழே, கொக்கிக்குக் கீழே. அந்த எட்டு எண்கள் கையில் இருந்தால் எத்தனை இஞ்சு தேவையோ அத்தனை மட்டும் தூக்கலாம். தேவைக்கு மேல் தூக்கும் ஒவ்வொரு இஞ்சுக்கும் வளைவிலும் மேட்டிலும் விலை கொடுப்பவர் டிராக்டர் சீட்டில் உட்கார்ந்திருப்பவர்.